உயிர்த்த ஞாயிற்றுக்கு வைத்த வாத்துகள்

நேற்று அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்தில் நான் வேலை செய்யும் இடத்தில் பிறந்தநாள் என்றால் ஒழுங்கு மாறாது. மேசையில் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகள், கேக், பாட்டு, மெழுகுதிரி. பாடி முடிந்ததும் ஊதி அணைத்தார்கள். அணைந்த திரிகளிலிருந்து புகை நூல் நூலாக எழும்பி, போக வேறு இடம் கிடைக்காததுபோல நேரே என் பக்கம் வந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டு நிற்க, எனக்கு வாத்து மணத்தது.

சிரிக்காதீர்கள். அணைந்த மெழுகுதிரி உங்களுக்குக் கோயிலையோ மின்சாரம் நின்ற இரவையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது ஈர இறகையும், கொதிக்கும் பானையையும், அம்மா போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பழைய மழைக்கோட்டையும் கொண்டுவருகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு மூச்சு பிந்தி, கோபம் வருகிறது. நான் கோபக்காரி இல்லை, அவசரக்காரி. கோபம் வந்தாலும் அரை மணித்தியாலத்தில் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவேன். இந்த ஒன்றைத்தான் தாண்ட முடியவில்லை. கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்க் கார் நிறுத்துமிடத்தில் தனியே நின்று சாப்பிட்டேன். அது போதாமல் இன்றைக்கு உங்களிடம் கொட்டுகிறேன்.

முதலில் மெழுகைச் சொல்ல வேண்டும். வாத்தின் பெரிய இறகைப் பிடுங்குவது சுகமான வேலை. அதற்கு அடியில் இருக்கிற பஞ்சுபோன்ற தூவிதான் உயிரை எடுக்கும். விரலில் ஒட்டும், மூக்கில் ஏறும், அடுத்த கிழமை தேத்தண்ணிக்குள் மிதக்கும். இங்கத்தைய வேட்டைக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய பானையில் தண்ணீரைச் சூடாக்கி அதில் மெழுகைப் போட்டால் உருகி மேலே மிதக்கும். வாத்தைக் கழுத்தில் பிடித்து அதற்குள் முக்கி எடுத்து உடனே குளிர்தண்ணீரில் போட வேண்டும். மெழுகு இறுகிவிடும். பிறகு அவித்த முட்டையின் கோதை உடைப்பதுபோல உடைத்து உரித்தால் தூவி முழுவதும் மெழுகோடு கழன்று வரும்.

அந்த மெழுகைக் கடையில் கட்டி கட்டியாக விற்கிறார்கள். நாங்கள் ஒரு கட்டிகூட வாங்கியதில்லை. அம்மாவின் அலுமாரியில் ஒரு தட்டு நிறையக் கோயில் மெழுகுதிரிக் கட்டைகள் இருந்தன. நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அம்மா நெடுங்காலமாகக் கோயிலில் பீடம் துடைக்கிறவர். எரிந்து முடிந்த கட்டைகளை யாராவது குப்பைத் தொட்டியில் போடப்போனால் கையைப் பிடித்துவிடுவார். ஆசீர்வதித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் எங்கே புதைப்பது? அப்படிச் சேர்ந்தவைதான் அந்தக் கட்டைகள். அவற்றை வாத்துக்குத் தரச் சொல்லி நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"எரியிறதுக்குத்தானே வைச்சது. உருகிப் போகட்டும்."

ஆகவே எங்கள் வாத்துகள் எல்லாம் ஆசீர்வதித்த மெழுகில் முழுகியவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததே பெரிய கதை. நான் அப்போது படிப்பு முடித்து முதல் வேலையில் இருந்தேன். மழைநீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைகிற வேலை. நாள் முழுவதும் நிலத்துக்கு அடியில் ஓடுகிற குழாயைத் திரையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குக் கால் தரிக்காது. கண்ணில் பட்ட வகுப்புகளுக்கெல்லாம் போனேன். மரமேறும் வகுப்பு, பாண் சுடும் வகுப்பு, ஒரு மாரி காலம் போலந்து மொழிகூட. அடுத்த மேசையில் இருந்த மெட்டே, வேட்டை அனுமதிச் சோதனைக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். அவள் வாயை மூடுவதற்குள் நானும் பெயர் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் போகவர அட்டைகளை வைத்துப் பறவைகளைப் பாடமாக்கினேன். இன்றைக்கும் எனக்கு அவற்றின் பெயர்கள் டெனிஷில்தான் வரும். தமிழில் என்னவென்று அம்மா கேட்டால், தாராவை விடப் பெரிதாக இருந்தால் வாத்து என்று முடித்துவிடுவேன்.

துவக்கு வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த வீட்டுக்குள்ளை நீ காசு குடுத்துத் துவக்குக் கொண்டுவாறாய்."

நான் டெனிஷில் பதில் சொன்னேன். எனக்குப் பதில் இல்லாத இடங்களில் டெனிஷ்தான் வரும். இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம், திறப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கும், என்றெல்லாம். அம்மா ஒரு மாதம் அந்த அலுமாரி இருந்த பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் அதன் மேல் பின்னல் துணி விரித்து, மடு மாதாவின் சிலை ஏறியிருந்தது. காவலுக்கோ சமாதானத்துக்கோ தெரியாது. துவக்கை எடுக்கும்போதெல்லாம் மாதாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவைத் திறக்க வேண்டியதாகப் போய்விட்டது.

டென்மார்க்கில் வசந்தத்தில் வாத்து சுடுவது எல்லோருக்கும் திறந்த காரியமில்லை. முறையான வேட்டைக்காலம் மாரியோடு முடிந்துவிடும். ஆனால் மேற்கு யூலாந்தின் கடலோரத்தில், வடக்கே திரும்பிப் போகிற வாத்துக்கூட்டங்கள் வசந்தத்தில் இறங்கி, முளைத்து நிற்கும் கோதுமையை அடியோடு மேய்ந்துவிடும். அப்படி அழிவு வருகிற வயல்காரர் அனுமதி எடுத்து வேட்டைக்காரரை விடலாம். இந்த வாத்துக்குப் பெயர் பிராம்கோஸ். கறுத்தக் கழுத்து, வெள்ளை முகம், குரல் குட்டிநாய் குரைப்பதுபோல. ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்போது, ஒரு ஊர் நாய்கள் எல்லாம் ஆகாயத்தில் சண்டை பிடிப்பது மாதிரி இருக்கும்.

மெட்டேயின் தாய்மாமன் ஐனருக்கு ரிங்க்கொபிங் பக்கம் ஒரு வயல் இருந்தது. மனைவி இறந்து தனியாக இருந்தவர். பேச்சைச் செலவழிக்க மனமில்லாத மேற்கு யூலாந்துக்காரர். அவருடைய டெனிஷ் எனக்கே பாதிதான் விளங்கும். என்ன அதிசயமோ, இப்போது நினைத்தால் அவர் என் காதுக்குள் எங்கள் வீட்டுத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

முதல் நாள் எங்களைக் குசினியில் இருத்திக் கோப்பி ஊற்றினார். முன்பு வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். நகரத்திலிருந்து வந்தார்கள், நிறையச் சுட்டார்கள், நெஞ்சு இறைச்சியை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தைப் பற்றைக்குப் பின்னால் வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போனார்கள். சிலதை வெட்டவும் இல்லை, முழுசாகக் கிடந்தன. வெயில் வந்த பிறகு மணத்தை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்தார். உழவு இயந்திரத்தால் குழி தோண்டி மூடினாராம். அதற்குப் பிறகு யாரையும் விடவில்லை. பயிர் போனாலும் பரவாயில்லை என்று இருந்தவர்.

"நீ என்ன செய்வாய்?" என்று என்னைக் கேட்டார்.

கறி வைப்போம் என்றேன். கால்? அதுவும் கறி. ஈரல், இரைப்பை? அதைப் பிரட்டல் வைப்போம், அதற்குத்தான் வீட்டில் சண்டை வரும். கழுத்து? ரசம். தலை? தலையை என்ன செய்வதென்று எனக்கே தெரியாது என்றேன். அவருக்கு முதல்தரம் சிரிப்பு வந்தது.

"அப்ப வா. சுடுறதெல்லாம் சாப்பிட வேணும். ஒண்டைக் குப்பையிலை எறிஞ்சாலும் பிறகு வரவேண்டாம்."

அவ்வளவுதான் ஒப்பந்தம். கையெழுத்து இல்லை, காசு இல்லை. நான் வாழ்க்கையில் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் எனக்கு முழுதாக விளங்கிய ஒன்று அதுதான்.

சனிக்கிழமைகளில் விடிய முந்தியே வாய்க்கால் ஓரத்தில், வாத்துகளின் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிற வலைக்குக் கீழே படுத்திருப்போம். நான், மெட்டே, மெட்டேயின் கறுப்பு நாய். முன்னால் வயலில் பிளாஸ்ரிக் வாத்துகளைக் குத்தி வைக்க வேண்டும், பறந்து வருகிறவை தங்கள் ஆட்கள் மேய்கிறார்கள் என்று நம்பி இறங்குவதற்கு. முதல் தடவை நான் அவற்றை வரிசை வரிசையாக, நடுவில் பாதை விட்டு, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வைத்திருந்தேன். மெட்டே வந்து பார்த்துவிட்டு, இதென்ன பூசைக்கு வந்திருக்கிறதுகளா என்று கேட்டாள். அன்றைக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஒழுங்காக நிற்கிற கூட்டத்தைக் கண்டால் வாத்துக்குக்கூடச் சந்தேகம்.

ஒரு கிழமை அந்தக் கூட்டத்துக்குள் தனி வெள்ளையாக ஒன்று வந்தது. பனிவாத்து. அமெரிக்காப் பக்கத்துப் பறவை. வழி தவறி வந்ததோ, எங்கேயாவது பூங்காவிலிருந்து தப்பியதோ தெரியாது. கறுத்தக் கழுத்துகளுக்கு நடுவில் சலவை செய்து எடுத்த சட்டை மாதிரி நின்று மேய்ந்தது. அதைச் சுடவேண்டாம் என்று ஐனர் சொன்னார். அனுமதியும் அதற்கு இல்லைத்தான். ஆனால் அவர் சொன்ன காரணம், அது இல்லாவிட்டால் தனக்குத் தன் வயலில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது என்பது. மற்றவற்றை எண்ண முடியாதே. இதை நான் வீட்டில் சொன்னபோது, பாவம் அதுவும் எங்களை மாதிரி என்று அப்பா தொடங்கினார். அப்பா, வாத்தை வாத்தாக விடுங்கோ என்றேன்.

சுட்டவற்றை ஐனர் கொட்டில் நிலத்தில் மரக்கிளை பரப்பி வரிசையாகக் கிடத்துவார். அந்த வரிசையை யாரும் கடக்கக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். இங்கத்தைய வேட்டைக்காரர் வழக்கம் அது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையாட்டினார். படுத்திருக்கிற பிள்ளையைக் கடந்தால் அம்மா என்ன பேச்சுப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அவருக்கு ஐனரில் ஒரு மதிப்பு வந்தது என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை என்னிடம் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் தந்துவிட்டார். ஐனர் அதை உருளைக்கிழங்கோடு சாப்பிட்டுக் கண்ணீர் விட்டதாக மெட்டே சொன்னாள். போத்தல் திரும்பி வந்தபோது அதற்குள் தேன் இருந்தது.

"பாத்தியே, சும்மா போத்தல் திருப்பி அனுப்பமாட்டார்" என்றார் அம்மா. "எங்கடை ஆக்கள் மாதிரி."

பிறகு அந்தப் போத்தல் ஊறுகாயோடு போகும், தேனோடு வரும், ஊறுகாயோடு போகும், புளூபெரி ஜாமோடு வரும். இருவருக்கும் இடையில் ஒரு பொதுவான சொல் கிடையாது. எறியக்கூடாது என்பது மட்டும்தான் பொது.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். வாத்து வருகிற காலமும் தவக்காலமும் ஒன்று. எங்கள் வீட்டில் விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை இறைச்சி இல்லை. அம்மா மிகக் கண்டிப்பு. யோசித்துப் பாருங்கள், மேற்கு யூலாந்தின் கொழுத்த வாத்துகள் சனிக்குச் சனி வீட்டுக்கு வருகின்றன, ஒருவரும் ஒரு துண்டு தின்ன முடியாது. வேறு எந்த வேட்டைக்காரருக்கும் இந்த வில்லங்கம் வந்திருக்காது. அம்மா அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று மெழுகு உருக்குவார். அப்பா உரிப்பார். பிறகு அம்மா விரல் நுனியால் இறைச்சியைத் தடவித் தடவி உள்ளே கிடக்கும் இரும்பு ரவைகளை ஒவ்வொன்றாக எடுப்பார், கடிக்கிறவருக்குப் பல்லுப் போய்விடக்கூடாது என்று. சதைக்குள் இருந்து குண்டு எடுக்கிற அந்தக் கை பழக்கப்பட்ட கையாக இருந்தது. எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

எடுத்துக் கழுவிப் பைகளில் போட்டுக் கட்டும்போது அம்மா சொன்னார்:

"நான் இந்த முறை இந்த வாத்திலைதான் விரதம் முடிப்பன்."

துவக்கோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த மனுசி சொன்னது. எனக்குப் பட்டப்படிப்பு முடிந்தபோதுகூட அப்படி ஒரு சந்தோசம் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பிரீசர் நிறைந்துவிட்டது. மீனும் முருங்கைக்காயும் பாதியை அடைத்திருந்தன. ஆகவே கோயில் மண்டபத்துப் பெரிய பிரீசரில் வைக்கக் கேட்டேன். யாரிடம் கேட்டேன்? அன்ரன் அங்கிளிடம். உயிர்த்த ஞாயிற்றுப் பூசை முடிந்து தமிழ்ச் சனம் எல்லாம் மண்டபத்தில் சேர்ந்து சாப்பிடும். அந்தச் சாப்பாட்டுக்கு வருடா வருடம் பொறுப்பு அவர்தான். இருபது பேருக்குச் சமைக்கச் சொன்னால் அறுபது பேருக்குச் சமைப்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் வந்து நிற்பது அவருடைய வான். அதை நான் மறைக்கவில்லை, மறைத்தால் கோபப்படுவது சுகமாக இருந்திருக்கும்.

"ஓம் பிள்ளை, வையுங்கோ" என்றார். "இந்த வருசம் வேட்டைக்காரியின்ரை வாத்துக்கறிதான் விசேசம்."

அப்படித்தான் முடிவானது. பைகளில் பெரிதாக எழுதி ஒட்டிவைத்தேன். ஐனரையும் கூப்பிட்டேன். பிராம்கோஸ் என்றால் சேற்று மணம், நாய்க்குத்தான் ஆகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். தன் வயலைத் தின்றதை ஒருநாள் தான் தின்று பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அழைத்தபோது யோசித்துவிட்டு, என்ன உடுப்புப் போடுவது என்று மட்டும் கேட்டார்.

உயிர்த்த ஞாயிறு காலையில் அம்மாவும் நானும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் தூக்கிக்கொண்டு பூசைக்கு முந்தியே மண்டபத்துக்குப் போனோம். குசினியில் ஏற்கெனவே பெரிய சட்டிகளில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது, அன்ரன் அங்கிள் கிண்டிக்கொண்டு நின்றார். பிரீசரைத் திறந்தேன். விளிம்பு வரை ஐஸ்கிரீம்.

"அங்கிள், இதுக்குள்ளை கிடந்த வாத்து எங்கை?"

"பிறகு கதைப்பம் பிள்ளை. பூசைக்கு நேரமாகுது."

"எங்கை எண்டு சொல்லுங்கோ."

"எடுத்துப் போட்டாச்சு."

"எங்கை போட்டது?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை, ஒரு பெரிய மனிதரின் பொறுமைதான் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பிள்ளை, ஒரு டெனிஷ்காரர் முதன்முதலா எங்கடை மேசையிலை இருந்து சாப்பிட வாறார். அவரின்ரை வயலுக்குள்ளை கிடந்த காட்டு வாத்தையே அவருக்குச் சமைச்சு வைக்கிறதோ? ஒரு கோழி வாங்க வக்கில்லாத சனம் எண்டு நினையாரோ? நான் என்ரை கைக்காசிலை நல்ல கோழியா வாங்கினனான். ஐஸ்கிரீமுக்கும் இடம் வேணுமெல்லே."

விளங்குகிறதா? அவர் விருந்தினரை மதித்தார். வருகிறவருக்கு இருப்பதில் நல்லதைக் கொடுக்க வேண்டும், நல்லது என்றால் கடையில் விலை கொடுத்து வாங்கியது. இதை எங்கள் சனம் தவிர யாரும் செய்திருக்கமாட்டார்கள். அந்த மனிதர் தன் வயல் வாத்தைத் தின்னத்தான் வருகிறார் என்று நான் கத்தினேன். அன்ரன் அங்கிள், அது அவர் மரியாதைக்குச் சொன்னது என்றார். மெழுகில் முக்கி, உரித்து, ரவை பொறுக்கி வைத்த அம்மா தேங்காய்ப்பால் பேணியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான்தான் கையைக் காலை ஆட்டி மூன்று பேருக்குப் போதுமளவு கத்தினேன். பூசைக்கு மணி அடித்தது.

ஐனர் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு இழுத்திருந்தார். அன்ரன் அங்கிள் அவரை முன்மேசையில் இருத்தி, தட்டில் கோழியை மலையாகக் குவித்தார். ஐனர் என்னைப் பார்த்தார். எனக்கு டெனிஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவர் மெதுவாக, கடைசிச் சோறு வரை சாப்பிட்டார். அவர் வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. பிறகு சுருட்டுப் புகைக்கப் பின்கதவால் வெளியே போனார்.

பின்கதவுக்கு வெளியேதான் குப்பைக் கொள்கலன் இருந்தது. மூடி சரியாக மூடப்படவில்லை. கடற்காக்கைகள் கறுப்புப் பைகளைக் கிழித்திருந்தன. நான் யன்னலால் பார்த்தேன். ஐனர் பற்றவைக்காத சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றார். கிழிந்த பைக்குள் கறுத்தக் கால்கள் தெரிந்திருக்கும், அம்மா காலை முழுசாக விட்டுத்தான் கட்டுவார். என்னுடைய கையெழுத்தும் தெரிந்திருக்கும், தமிழில். அவர் ஒரு கையால் காக்கைகளைக் கலைத்தார், மூடியை இழுத்துச் சரியாக மூடினார். உள்ளே வந்து அன்ரன் அங்கிளின் கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். அன்ரன் அங்கிளின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை போனேன். வாத்துகள் இன்னும் வடக்கே போகவில்லை, குரைப்புச் சத்தம் றோட்டுக்கே கேட்டது. வயலுக்குப் போகும் பாதையில் சங்கிலி போட்டிருந்தது. ஐனர் வாசலுக்கு வந்தார்.

"கோழி நல்லாயிருந்தது" என்றார்.

நான் எறியவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அன்ரன் அங்கிள், ஐஸ்கிரீம், கடைக்கோழி, மரியாதை. அவர் முழுக்கக் கேட்டார்.

"நீ எறியேல்லை எண்டு தெரியும்" என்றார். "ஆனா கிடந்தது குப்பையிலைதான்."

உள்ளே போய் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்தார். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அதைக் குசினியில் வைத்தேன். அம்மா தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், திரும்ப மூடினார்.

இதற்குப் பிறகுதான் உண்மையான எரிச்சல். நான் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: அவர் நல்ல மனசாலைதானே செய்தவர். நல்ல மனசு! கெட்ட மனதோடு செய்திருந்தால் நான் சண்டை பிடித்து, பேசாமல் விட்டு, பிறகு ஒரு கலியாண வீட்டில் சமாதானமாகியிருப்பேன். நல்ல மனதோடு ஒருவர் உங்கள் வாக்கை எடுத்துக் குப்பையில் போட்டால் நீங்கள் எந்தக் கதவைத் தட்டுவது? இரண்டு கிழமை கழித்துக் காரணமும் மாறிவிட்டது. பறவைக் காய்ச்சலுக்குப் பயந்துதான் எறிந்தாராம், சனத்தின் சுகத்துக்காக. அதை நம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவரும் நம்புகிறார். ஐனருக்குப் போய் மன்னிப்புச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மனுசன் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கைகொடுத்துவிட்டுப் போனாரே.

இப்போது ஐனர் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மெட்டே வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். வயலை விற்றாயிற்று. போன வசந்தத்தில் அந்தப் பக்கம் போனேன். கோதுமை நின்ற இடம் முழுக்கச் சூரியத் தகடுகள், கண்ணுக்கு எட்டின தூரம் கறுத்தக் கண்ணாடி. வாத்துகள் மேலே வந்தன, குரைத்தன, தாழ்ந்து பார்த்தன, இறங்க இடமில்லாமல் போயின. வெள்ளையாக ஏதும் போகிறதா என்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். இல்லை.

கோயிலிலும் மெழுகுதிரி போய்விட்டது. பற்றறி விளக்குகள், ஆடுகிற சுடர் மாதிரி பிளாஸ்ரிக். தீப்பிடிக்காது, ஒழுகாது, கட்டை மிஞ்சாது. அன்ரன் அங்கிளின் யோசனை, நல்ல மனதோடுதான். அம்மாவின் அலுமாரித் தட்டில் இப்போது துவாய்கள் இருக்கின்றன.

துவக்கை நான் விற்றுவிட்டேன். இரும்பு அலுமாரி காலியாக நிற்கிறது. அதன் மேல் மாதா மட்டும் இறங்க மறுத்து நிற்கிறார்.

வாத்து போன அந்த உயிர்த்த ஞாயிறன்று அம்மா மண்டபத்தில் சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டார். வயிறு சரியில்லையாக்கும் என்று நினைத்தோம். திங்களும் அப்படித்தான். பிறகு கிழமைகள், பிறகு வருடங்கள். எங்களுக்குக் கோழி சமைப்பார், ஆடு சமைப்பார், உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவார். தான் தொடமாட்டார். இந்த வருட உயிர்த்த ஞாயிற்றுச் சாப்பாட்டில் அன்ரன் அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்து, தவக்காலம் முடிந்தும் இறைச்சி தொடாத இந்த அம்மாவின் பக்தியைப் பாருங்கள், இளம்பிள்ளைகள் பழக வேண்டும் என்று பேசினார். சனம் எழும்பிக் கைதட்டியது. அம்மா பருப்பைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

காருக்குள் ஏறியதும் கேட்டேன், ஏன் அம்மா வாய் திறக்கவில்லை, எழும்பி இரண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாமே என்று. அம்மா இருக்கைப் பட்டியை இழுத்துப் போட்டார்.

"என்ன சொல்லுறது. நான் எதிலை முடிப்பன் எண்டு சொன்னனான். அது இன்னும் வரேல்லை."